குழந்தைக்கென்று ஒரு பொழுது

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமலும், பாடத்திட்டம் வகுக்காமலும், பரீட்சை வைத்துத் தரம் பிரிக்காமலும், வீட்டிலும் வீதியிலும் தோட்டத்திலும் தொழிற்கூடத்திலும் அன்றாடம் நடக்கிற வாழ்க்கையின் நடுவே குழந்தை தனக்கு வேண்டியதைத் தானே கற்றுக்கொள்ளும்படி விட்டுவிடலாம் என்று கருதும் பெற்றோர் சிலர் நம் நாட்டிலும் இப்போது தோன்றியிருக்கிறார்கள். அவர்களுடைய தொகை மிகச் சிறிது. கேட்ட மாத்திரத்தில் அவர்கள் கொள்கை சிலருக்கு விபரீதமாகவும், வேறு சிலருக்கு வசதி படைத்தவர்களின் விநோதமாகவும் தோன்றுகிறது. ஆயினும் அதற்குள்ளே, பள்ளிக்குப் போகிற குழந்தை, போகாத குழந்தை ஆகிய இருவருக்கும் பொதுவான ஓர் உண்மை இருக்கிறது என்பதும், அந்த உண்மையை நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலொழிய அதன் பயனும் அபாயமும் விளங்கமாட்டா என்பதும் என் துணிபு.

இந்தக் கொள்கைக்கு நம் காலத்தில் உருவம் கொடுத்தவர் ஜான் ஹோல்ட் என்னும் அமெரிக்கர். 1923ஆம் ஆண்டில் பிறந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றி, பின்னர் கொலராடோவிலும் பாஸ்டன் நகர்ப் பக்கத்திலும் தனியார் பள்ளிகளில் உபாத்தியாயராக இருந்த அவர், பாடம் நடக்கும்போது குழந்தைகளின் முகங்களையும் கைகளையும் உற்றுக் கவனித்து, கண்டவற்றைக் குறிப்பெழுதி வைத்தவர். நல்ல வசதியும் கூர்மையான புத்தியும் உள்ள ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள்கூட, விஷயத்தைப் புரிந்துகொள்வதைவிட உபாத்தியாயரிடம் அகப்பட்டுக்கொள்ளாமல் தப்புவதிலேயே அதிகக் கவனம் செலுத்துவதை அவர் கண்டார். விடை நிச்சயமாகத் தெரியாத பிள்ளை, எப்படி வேண்டுமானாலும் பொருள்கொள்ளத் தக்க வகையில் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுக்கும். மற்றொரு பிள்ளை பாதி விடையைச் சொல்லி நிறுத்தி, ஆசிரியரின் முகம் மலர்கிறதா சுளிக்கிறதா என்று பார்த்து மீதியைச் சொல்லும். இன்னொன்று, எல்லாரும் கை தூக்கும் சமயம் பார்த்து, அந்தக் கூட்டத்தில் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்ற தைரியத்தில் தானும் தூக்கும். இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது பயம் என்று அவர் முடிவு கட்டினார். 1964இல் வெளியான அவருடைய முதல் நூல், குழந்தைகள் எவ்வாறு தோற்கிறார்கள் என்பதை இவ்வாறு எடுத்துக்காட்டிற்று. 1967இல் வந்த அடுத்த நூல், பள்ளியின் பயம் தீண்டாத சிறு குழந்தைகள் எவ்வளவு துணிவோடு கற்கிறார்கள் என்பதைக் காட்டிற்று.

பள்ளிகள் திருந்தும் என்று பல ஆண்டுகள் நம்பி, எழுதியும் பேசியும் பார்த்த பின்பே ஹோல்ட் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். 1977இல், பள்ளியில்லாமல் குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கென்று ஒரு சிறு பத்திரிகையைத் தொடங்கினார். 1985இல் அவர் காலமான பின்பும் அது தொடர்ந்தது. வீட்டுக்குள்ளேயே கரும்பலகையும் கால அட்டவணையும் வைத்துத் தாயும் தந்தையும் உபாத்தியாயர்களாக மாறிவிடும் ஏற்பாட்டை அவர் விரும்பவில்லை. அது இடம் மாறிய பள்ளியேயாகும். உண்மையான மனிதர்கள் உண்மையான காரியங்களைச் செய்யும் இடங்களில் குழந்தை கூடவே இருந்து, கேட்டபோது விடையும் கேளாதபோது அமைதியும் பெற்று வளரவேண்டும் என்பதே அவர் கருத்து. நாற்பதாம் வயதில் செல்லோ வாத்தியத்தைக் கையிலெடுத்துக் கற்கத் தொடங்கி, அந்த அநுபவத்தையே ஒரு நூலாக எழுதிய அவர், கற்றலுக்கு வயதும் வகுப்பும் எல்லை அல்ல என்பதைத் தம் வாழ்க்கையிலும் காட்டிச் சென்றார்.

இதற்குப் பிரத்தியட்சமான சான்று வேண்டுவோர், மூன்று நான்கு வயதுத் தமிழ்க் குழந்தையின் பேச்சைக் கவனித்தால் போதும். தந்தையின் கையைப் பிடித்து இழுத்து, "வாப்பா, நாம கடைக்குப் போலாம்" என்று சொல்லும் அதே குழந்தை, வழியில் எதிர் வீட்டு மாமா, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "நாங்க கடைக்குப் போறோம்" என்று விடை சொல்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை ஒன்று, அவரை விலக்கி நிற்கும் பன்மை ஒன்று என்ற இந்த நுட்பத்தை அதற்கு ஒருவரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர முற்பட்டால் பெற்றோரில் பலருக்கு அந்த விதியை எடுத்துரைக்கவும் வாராது. தன்னிடம் அன்புள்ளவர்கள் நாளெல்லாம் பேசக் கேட்டதனாலும், பேசவேண்டிய தேவை தனக்கே இருந்ததனாலும், பிழையாகப் பேசியபோதும் கேட்டவர்கள் மகிழ்ந்து மறுமொழி கூறியதனாலும் அது மொழியைக் கைவசப்படுத்திக்கொண்டது. மனிதன் தன் ஆயுளில் கற்கும் மிகச் சிக்கலான வித்தை இதுவே. இதில் தேறாதவர் நம்மில் மிக அரியர்.

மார்கழி விடியலில் பாட்டியின் பக்கத்தில் குந்தியிருக்கும் ஏழெட்டு வயதுச் சிறுமியிடம் இந்தக் கற்றல் மேலும் ஒரு படி ஏறுவதைப் பார்க்கலாம். ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி என்றால், நடுவரிசையில் ஏழு வைத்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து நான்கில் நிறுத்த வேண்டும் என்பதையும், ஒவ்வொரு புள்ளியும் முந்தின வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழவேண்டும் என்பதையும் அவள் பார்த்தே அறிகிறாள். சிக்குக் கோலத்தில் கம்பியை எங்கே வளைத்தால் புள்ளி உள்ளடங்கும், எங்கே வளைத்தால் கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து சேராமல் தறிகெட்டுப் போகும் என்பதை, தவறியபோதெல்லாம் புறங்கையால் மாவைத் துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். அவளுடைய விரல்நுனியில் இருக்கும் இந்த விதிகள் அற்பமானவையல்ல. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1974இல், கணினி விஞ்ஞானத்தில் சித்திரங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைக் கோலத்தைக் கொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். அந்த விஞ்ஞானத்துக்கு ஆராய்ச்சிப் பொருளாகத் தக்க ஒரு கலையை, வாசல் தெளித்த மண்ணில், பாடப் புத்தகமும் பரீட்சையும் இன்றிக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்திருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையின்மேல் பள்ளிகளையே எழுப்பிக் காட்டியவர்களும் உண்டு. ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கி, பின்னர் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் நிலைநாட்டிய சம்மர்ஹில் பள்ளியில், வகுப்புக்கு வருவதும் வராததும் மாணாக்கரின் இஷ்டம். அமெரிக்காவில் 1968இல் தோன்றிய சட்பரி வேலி பள்ளியிலோ பாடத்திட்டமே கிடையாது; பள்ளியின் சட்டங்களை வகுக்கும் சபையில், நான்கு வயதுக் குழந்தைக்கும் நரை தோன்றிய ஆசிரியருக்கும் ஆளுக்கொரு வாக்கு. அங்கே படித்து வெளியேறியவர்களையும், பள்ளிக்கே போகாமல் வளர்ந்தவர்களையும் ஆராய்ந்த உளநூல் பேராசிரியர் பீட்டர் கிரே, அவர்களில் பெரும்பாலோர் உயர்கல்வியிலும் தொழிலிலும் தங்களுக்கு வேண்டிய வழியைக் கண்டுகொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். பள்ளிக்குப் போகாதவர்களைப் பற்றிய அவருடைய ஆய்வில் பதில் தந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள் ஆதலால், அதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் நிரூபணமாகக் கொள்ளலாகாது. ஆனால் வகுப்பறையின் நிர்ப்பந்தம் இல்லாவிட்டால் குழந்தை மூடனாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்வதற்கு அது போதும்.

இனி, நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். பாஸ்டன் நகரத்தில் நிரபாயமாகச் சொல்லக்கூடிய இந்த வாதத்தைத் தமிழ்நாட்டில் அப்படியே சொல்லிவிட முடியாது. 1953ஆம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, ஒரு பகுதிக் குழந்தைகள் காலையிலும் மற்றொரு பகுதியினர் பிற்பகலிலும் வந்து படிக்கும்படி செய்து, எஞ்சிய பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இருக்கிற கட்டடத்தையும் இருக்கிற ஆசிரியரையும் கொண்டே இன்னும் அதிகக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும், உழைப்பின் அருமையைக் குழந்தை உணரும் என்பதும் அவர் தரப்பு நியாயங்கள். ஆனால் சவரத் தொழிலாளியின் மகன் மீண்டும் சவரக் கத்தியையும், சலவைத் தொழிலாளியின் மகன் மீண்டும் வெள்ளாவியையும் நோக்கித் திருப்பப்படுகிறான் என்று கண்ட பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. அதனால் நாம் பெற்ற நன்மைக்கு அளவில்லை.

வாழ்க்கையே பள்ளி என்று சொல்வது இனிமையாக இருக்கிறது. யாருடைய வாழ்க்கை என்று கேட்டவுடன் அந்த இனிமை கலைந்துவிடுகிறது. புத்தக அலமாரியும், கேள்வி கேட்டால் பொறுமையோடு விடை சொல்லும் தாயும், விரும்பினால் வீணை கற்க அவகாசமும் உள்ள வீட்டில் வாழ்க்கை கற்பிப்பது ஒன்று. கூலிக்குப் போகும் தாய் விட்டுச்சென்ற கைக்குழந்தையைப் பத்து வயதுப் பெண் இடுப்பில் சுமந்து நிற்கும் குடிசையில் வாழ்க்கை கற்பிப்பது மற்றொன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாக் கொள்ளைநோயினால் மூடப்பட்ட நம் பள்ளிகள், முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021ஆம் ஆண்டு நவம்பரில்தான் திறந்தன. அந்த நீண்ட காலத்தில் ஏழைக் குழந்தைக்குக் கிடைத்தது சுதந்திரம் அன்று. வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களும், இளம்வயதில் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட பெண்களும், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதையும் மறந்துபோன பிள்ளைகளும் அதற்குச் சாட்சி. இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களை வீதிதோறும் அனுப்பி அந்த இழப்பை ஈடுசெய்ய அரசு முயல வேண்டியிருந்தது.

அப்படியானால் ஹோல்டின் கொள்கை நமக்கு ஆகாததா? இல்லை, 1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் குற்றம் எதுவென்று சரியாக அறிந்துகொண்டால், அவருடைய கொள்கையின் உட்பொருளும் தெளிவாகிவிடும். பள்ளியின் நேரத்தைக் குறைத்தது அத்திட்டத்தின் பெருங்குற்றமன்று. குறைத்துப் பெற்ற நேரத்தைக் குழந்தையிடம் கொடாமல் அதன் பிறப்பின் வசம் ஒப்படைத்ததே குற்றம். பள்ளிக்கூடம் நம் எளிய மக்களின் குழந்தைகளுக்குச் செய்த முதல் உபகாரம் எழுத்தறிவித்தது என்று நாம் நினைக்கிறோம். அதற்கும் முந்தியதோர் உபகாரம் உண்டு. மாடு மேய்ப்பதிலிருந்தும், களையெடுப்பதிலிருந்தும், தீப்பெட்டி அடுக்குவதிலிருந்தும் குழந்தையை விடுவித்து, பகலில் சில மணி நேரமாவது பிறர் வயிற்றுக்காகவும் தன் வயிற்றுக்காகவும் உழைக்கத் தேவையில்லாத ஒரு பொழுதை அது தந்தது. 1956இல் காமராஜர் மதிய உணவளித்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததும் அந்தப் பொழுதுக்குச் சமூகம் கொடுத்த விலை. குழந்தைக்கென்று ஒரு பொழுது உண்டு, அதில் மற்றொருவருக்கு உரிமையில்லை என்ற தர்மத்தை நம் நாட்டில் முதன்முதல் ஸ்தாபித்தது பள்ளிக்கூடமே. பள்ளியைக் குறைகூறும் எவரும் இந்த நன்றியை மறக்கலாகாது.

ஆனால் கொடுத்த கையே இன்று அந்தப் பொழுதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. 1989இல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராயிருந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண், அரசியல் ஒன்றும் பேசாமல், புத்தகப் பையின் சுமையால் கூன் விழுந்து நடக்கும் குழந்தைகளுக்காகவும், விடிந்தது முதல் உறங்கும் வரையில் விளையாடவும் கனாக் காணவும் நேரமில்லாத அவர்களுடைய நாளுக்காகவும் பேசினார். அதன்பின் அமைக்கப்பட்ட யஷ்பால் குழு 1993இல் தந்த அறிக்கை, பையின் பாரத்தைவிடப் புரியாமல் படிப்பதன் பாரமே கொடியது என்று சொல்லிற்று. அந்த அறிக்கைக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் நகரங்களில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் நாள் எப்படியிருக்கிறது? விடியற்காலை ஐந்தரைக்குக் கணக்கு டியூஷன், எட்டு மணிக்குப் பள்ளி வேன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், இரவு மறுபடியும் ஒரு டியூஷன், சனி ஞாயிறுகளில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று பொழுது முழுவதும் பங்கு போடப்பட்டு, சாப்பிடும் நேரமும் புத்தகத்தின்மேல் கண்ணாகக் கழிகிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் பாராமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளையும் நாம் பார்த்துவிட்டோம். நிலக்கிழாரின் வயலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தையை மதிப்பெண்ணின் வயலில் இறக்கிவிட்டிருக்கிறோம்; இங்கும் அதன் உழைப்புக்கு ஓய்வில்லை, அறுவடையும் பெரும்பாலும் பிறருடைய பெருமைக்கே சேர்கிறது.

பள்ளியைத் துறக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் புதல்வர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல், தாமே கற்பிக்க முற்பட்டார். டால்ஸ்டாய் பண்ணையில் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து உடலுழைப்பும் படிப்பும் கலந்து வளரச் செய்தார். முறையான கல்வி கிடைக்கவில்லையென்ற மனக்குறை தம் புதல்வர்களுக்கு இருந்ததைச் சத்திய சோதனையில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். எவ்வளவு உயர்ந்த இலட்சியமாயினும் தந்தையின் இலட்சியம் தந்தையுடையதே. அதைக் குழந்தையின் சுதந்திரம் என்று பெயரிட்டு அழைப்பது பொருந்தாது. "எனக்குப் பள்ளிக்கூடம் போகணும்" என்று குழந்தை சொன்னால் மறுநாளே சேர்த்துவிடச் சித்தமாயிருக்கிற பெற்றோரே சுதந்திரக் கல்வி தருகிறோம் என்று சொல்லத் தகுந்தவர்கள். அவ்வாறே, குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பதும் சுதந்திரமாகாது. கண்ணைப் பிடித்து நிறுத்துவதையே தொழிலாகக் கொண்ட வியாபாரிகளிடம் அந்தப் பொழுதை ஒப்படைத்ததாகவே அது முடியும்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது, பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கும் சேராத குழந்தைக்கும் நாளில் சில மணி நேரம் முழுமையாகத் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதே. இது புதிய கோரிக்கையன்று. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகள் என்று கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டது. 2010இல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தை செய்தும் தேடியும் கண்டுபிடித்தும் கற்க வேண்டும் என்றும், பயத்திலிருந்தும் மனக்கலக்கத்திலிருந்தும் அது விடுபட்டிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஹோல்ட் வகுப்பறையின் ஓரத்திலிருந்து கண்ட நோய்க்கு நம் சட்டமே மருந்து எழுதிவைத்திருக்கிறது. அதை அநுஷ்டிக்க இயலாது என்றும் சொல்வதற்கில்லை. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 முதல் மாநிலமெங்குமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடந்த செயல்வழிக் கற்றலில், பாயில் வட்டமாக உட்கார்ந்த குழந்தைகள் தங்கள் படிக்குரிய அட்டையைத் தாங்களே எடுத்துவந்து, தங்கள் உயரத்துக்குச் சுவரில் தீட்டியிருந்த தாழ்ந்த கரும்பலகையில் எழுதிப் பார்த்து, தங்கள் வேகத்தில் முன்னேறினார்கள். ஏழைக் குழந்தைகள் படிக்கும் அரசுப் பள்ளியிலேயே சுதந்திரத்துக்கு இடமுண்டு என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அரசு செய்யவேண்டியவை சில உண்டு. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்தை அறவே நீக்க வேண்டும். பெரிய வகுப்புகளில் பள்ளி நேரத்துக்கு அப்பாற்பட்ட சிறப்பு வகுப்புகளுக்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும். வீட்டிலிருந்து கற்கும் குழந்தையைப் பற்றிக் கல்வி உரிமைச் சட்டம் வாய் திறவாமலிருக்க, பதினான்கு வயது நிரம்பியவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பரீட்சை ஒரு வாயிலாக இருந்து வருகிறது. இந்த அரைகுறை நிலையை மாற்றி, அத்தகைய குடும்பங்களை வெளிப்படையாகப் பதிவு செய்துகொண்டு, குழந்தை வேலைக்கு அனுப்பப்படவில்லை, அடைத்து வைக்கப்படவில்லை என்பதை மட்டும் கவனிக்கும் ஓர் எளிய ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். நூலகங்களும் விளையாட்டுத் திடல்களும் மாலை வேளையில் குழந்தைகளுக்காகத் திறந்திருக்க வேண்டும். பட்டறைக்காரரும் தோட்டக்காரரும் நெசவாளரும், தம் வேலையைப் பார்க்க வரும் குழந்தையை, அது எந்தச் சாதியில் பிறந்த குழந்தையானாலும், விரட்டாமல் பக்கத்தில் உட்காரவிட வேண்டும். குயவர் சக்கரத்தை வேளாளரின் மகளும், வீணையைத் தோல் தொழிலாளியின் மகனும், தம் சொந்த விருப்பத்தினால் தொட்டுப் பார்க்கிற நாளில்தான் அன்றாட வாழ்க்கை என்பது எல்லாருக்கும் பொதுவான பள்ளியாகும். குலக்கல்விக்கும் சுதந்திரக் கல்விக்கும் உள்ள பேதம் அங்கே துலங்கும்.

பெற்றோர் செய்யவேண்டியது இவற்றைவிடக் கடினமானது. தம் குழந்தை ஒரு மாலைப் பொழுதில் யாருக்கும் கணக்குக் கொடாமல் எதையோ கிளறிக்கொண்டும், எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டும், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்துகொண்டும் இருப்பதைக் காணும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளை இந்நேரம் எத்தனை பக்கம் படித்திருக்கும் என்று எழும் பயத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். பத்து வயதில் தன் பொழுதைத் தானே ஆள அநுமதிக்கப்படாதவன் இருபது வயதில் திடீரென்று தன் வாழ்க்கையை ஆளமாட்டான். பிறர் வகுத்த அட்டவணையில் மட்டுமே பழகியவர்களைக் கொண்டு சுதந்திர நாடு நடவாது. ஏழைக் குழந்தையை உழைப்பிலிருந்து மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்த தலைமுறை பாதி காரியத்தை முடித்தது. பள்ளிக்கு வந்த அந்தக் குழந்தையின் பொழுதில் ஒரு பகுதியை அதனிடமே ஒப்படைக்கும் மற்றப் பாதி நம் தலைமுறைக்கு உரியது. அதைத் தட்டிக்கழிக்க நமக்கு நியாயமில்லை.